60 வருஷம், ஒரே மைதானம்: ஜான் கலார்டி ஏன் பெரிய டீமுக்குப் போகவில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "அமெரிக்கன் ஃபுட்பாலில் அதிக மேட்ச் ஜெயித்த கல்லூரி கோச் ஏதோ ஒரு சின்னக் கல்லூரிக்காரர் என்கிறார்கள். 489 வெற்றியாம். அவர் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. இது உண்மையா? உண்மை என்றால், அவ்வளவு கெட்டிக்காரர் ஏன் பெரிய டீமுக்குப் போகவில்லை? யாரும் கூப்பிடவில்லையா?"

உண்மைதான். பெயர் ஜான் கலார்டி. எழுத்துக்கூட்டிப் படித்தால் 'காக்லியார்டி' என்று வரும், இத்தாலியப் பெயர். ஆனால் மினசோட்டாவில் கலார்டி என்றுதான் சொல்வார்கள், அவரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். 1949 முதல் 2012 வரை 64 சீசன் கல்லூரி டீம்களுக்குத் தலைமை கோச்சாக இருந்தார். 489 வெற்றி, 138 தோல்வி, 11 டிரா. முதல் 4 சீசன் மான்டானா மாநிலத்தில் கேரல் கல்லூரி. மீதி 60 சீசனும் மினசோட்டாவில், காலேஜ்வில் என்ற இடத்தில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் என்பது பெயரில் மட்டும்தான். பெனடிக்டைன் துறவிகள் 1857இல் தொடங்கிய கத்தோலிக்க ஆண்கள் கல்லூரி அது. காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிறது. படிக்கிறவர்கள் இரண்டாயிரத்தைத் தொடமாட்டார்கள்.

"ஏன் போகவில்லை" என்ற கேள்விக்குள் ஒரு அனுமானம் இருக்கிறது. போயிருந்தால் இன்னும் பெரிய ஆளாகியிருப்பார் என்ற அனுமானம். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. போகாததால்தான் அந்த 489 வந்தது. அவர் கோச் செய்த விதத்தைப் பெரிய இடத்தில் ஒரு சீசனாவது நடத்தவிட்டிருப்பார்களா என்பதே சந்தேகம்.

முதலில் 'சின்னக் கல்லூரி' என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் மூன்று டிவிஷன்கள். டிவியில் காட்டும், லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கும் ஸ்டேடியம், மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்கும் கோச் என்பதெல்லாம் டிவிஷன் 1. கலார்டி இருந்தது டிவிஷன் 3. 1973இல் உருவான பிரிவு. கல்லூரிகளின் எண்ணிக்கையில் இதுதான் பெரியது, 400க்கு மேல். இங்கே முக்கியமான சட்டம் ஒன்றே ஒன்று: நன்றாக விளையாடுகிறான் என்பதற்காக ஒரு பையனுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கக்கூடாது. வீட்டு வருமானத்தைப் பார்த்து உதவலாம், மதிப்பெண்ணைப் பார்த்து உதவலாம், பந்தைப் பார்த்து உதவக்கூடாது. ஆக, கோச் ஒரு பையனின் வீட்டில் போய் உட்கார்ந்து, "எங்கள் கல்லூரிக்கு வா, ஃபீஸ் நீங்கள்தான் கட்டவேண்டும், நான்கு வருஷம் அடிபட்டுக்கொண்டு விளையாடு, கடைசியில் புரொஃபஷனல் டீமில் யாரும் எடுக்கமாட்டார்கள்" என்பதைத்தான் நாசூக்காகச் சொல்லவேண்டும். சம்மதித்து வருகிறவன் விளையாட்டு பிடித்து வருகிறவன். பிடிக்காமல் போனால் அடுத்த நாளே விலகிவிடலாம். அவனைக் கட்டிவைக்கக் கோச்சிடம் கயிறு கிடையாது. கலார்டி செய்ததெல்லாம் இந்த ஒரு விஷயத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

இந்தத் தொழிலில் சாதாரணமாக எல்லோரும் ஏறும் ஏணி ஒன்று உண்டு. கல்லூரியில் விளையாடுவார்கள். முடித்ததும் சொற்ப உதவித்தொகைக்கு உதவிக் கோச்சாகச் சேர்ந்து வீடியோ வெட்டுவார்கள். அப்புறம் ஒரு பிரிவுக்குக் கோச், பிறகு ஆட்டத்தின் ஒரு பாதியைத் திட்டமிடும் கோஆர்டினேட்டர், அதற்கும் பிறகு தலைமை கோச். அதுவும் சின்ன இடத்தில். அங்கே ஜெயித்தால் பெரிய இடம் தூக்கிக்கொண்டு போகும். லான்ஸ் லைபோல்டை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்கான்சின்-வைட்வாட்டர் என்ற டிவிஷன் 3 கல்லூரியில் 2007 முதல் 2014 வரை 8 சீசனில் 109 வெற்றி, வெறும் 6 தோல்வி, 6 தேசிய சாம்பியன் பட்டம். அவ்வளவுதான், பஃபலோ பல்கலைக்கழகம் கூப்பிட்டுக்கொண்டது. 2021இல் அங்கிருந்து கேன்சஸ். இப்போது அவர் டிவிஷன் 1இன் மேல்தட்டில் இருக்கிறார். ஏணி வேலை செய்தால் இப்படித்தான் செய்யும்.

கலார்டி இந்த ஏணியில் காலே வைக்கவில்லை. யாருக்கும் கீழே உதவிக் கோச்சாக அவர் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அது எப்படி என்பதுதான் கதை.

கொலராடோ மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், நியூ மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் டிரினிடாட் என்று ஒரு நிலக்கரி ஊர். (கிரிக்கெட் ஆடும் டிரினிடாட் வேறு.) 1926 நவம்பர் 1 அன்று அங்கே பிறந்தவர். பெற்றோர் இத்தாலியிலிருந்து வந்த குடும்பம், அப்பா ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். 1943இல் பையன் ஊர்க் கத்தோலிக்கப் பள்ளியின் ஃபுட்பால் டீமில் இருக்கிறான், வயது 16. உலகப் போர் நடக்கிறது. கோச்சை ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கோச் இல்லாத டீம் எதற்கு என்று பள்ளி அதை மூடிவிடப் பார்த்தது. பையன் பாதிரியாரிடம் போய், "மூடாதீர்கள், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றான். சரி என்றுவிட்டார்கள். டீமில் ஆடிக்கொண்டே டீமுக்குக் கோச்.

16 வயதுப் பையன் கையில் அதிகாரம் வந்தால் முதலில் என்ன செய்வான்? தனக்குப் பிடிக்காததையெல்லாம் தூக்குவான். பழைய கோச் பிராக்டிஸில் தண்ணீர் குடிக்க விடமாட்டார். வெயிலில் தாகத்தைத் தாங்கினால்தான் உடம்பு இறுகும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை, அமெரிக்கா முழுக்க இருந்தது. குந்திய நிலையிலேயே வாத்து மாதிரி மைதானத்தைச் சுற்ற வைப்பார்கள், முழங்கால் போய்விடும். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டம் வேறு. இதெல்லாம் பந்து விளையாட எதற்கு உதவுகிறது என்று பையனுக்கு விளங்கவில்லை. விளங்காததை நிறுத்தினான். தண்ணீர் வேண்டுமா, குடி. டீம் ஜெயித்தது.

இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதுதான் அவருடைய மொத்த வாழ்க்கையின் சாவியாகத் தெரிகிறது. மற்ற கோச்கள் எல்லோரும் 22, 23 வயதில் ஒரு பெரியவருக்குக் கீழே வேலை கற்றவர்கள். அவர் கத்தினார் என்றால் இவர்களும் கத்துவார்கள், அவர் விசில் ஊதினார் என்றால் இவர்களும் ஊதுவார்கள். தொழில் அப்படித்தான் கைமாறும், நல்லதும் கெட்டதும் ஒரே மூட்டையில். கலார்டிக்கு அந்த மூட்டையை யாரும் கொடுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு வழக்கத்தையும் பார்த்து "இது எதற்கு?" என்று கேட்கும் விளையாட்டுக்காரனின் பார்வை 86 வயது வரை மாறவில்லை.

பிறகு கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு பள்ளி டீமுக்குக் கோச்சாக இருந்துகொண்டே கொலராடோ கல்லூரியில் படித்தார். 1949இல் பட்டம். அதே வருஷம் கேரல் கல்லூரி தலைமை கோச் வேலை கொடுத்தது, வயது 22. கூடைப்பந்துக்கும் அவரே கோச். சின்னக் கல்லூரி என்றால் அப்படித்தான், ஒரே ஆள் மூன்று வேலை. நான்கு சீசனில் 24 வெற்றி, 6 தோல்வி, 1 டிரா, மூன்று கான்ஃபரன்ஸ் பட்டம். (கான்ஃபரன்ஸ் என்பது சில கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் லீக்.)

1953இல் செயின்ட் ஜான்ஸ் அழைத்தது. அதற்கு முன் அங்கே கோச்சாக இருந்தவர் ஜானி பிளட் மெக்னாலி. கிரீன் பே பேக்கர்ஸ் டீமில் ஆடிய பெரிய நட்சத்திரம், புரொஃபஷனல் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் 1963இல் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே இடம்பிடித்தவர். அப்பேர்ப்பட்ட ஆளே, அங்கே யாராலும் ஜெயிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனதாகக் கதை உண்டு. கல்லூரி கடைசியாகக் கான்ஃபரன்ஸ் பட்டம் வாங்கியது 1938இல். கலார்டி வந்த முதல் சீசனிலேயே பட்டம் வந்தது. அப்புறம் ஒரு ஐந்து சீசன் ஐஸ் ஹாக்கி டீமையும் அவர் தலையில் கட்டினார்கள். அதையும் ஜெயிக்கவைத்தார்.

சரி, பிராக்டிஸில் என்னதான் நடந்தது? செயின்ட் ஜான்ஸ் மைதானம் இயற்கையாகவே கிண்ணம் மாதிரி குழிந்த இடத்தில் இருக்கிறது, சுற்றிலும் பைன் மரம். பிராக்டிஸ் நேரத்தில் அங்கே போய் நின்ற வெளியூர்க் கோச்கள் முதலில் குழம்பிவிடுவார்களாம். விசில் சத்தம் கேட்காது. யாரும் யாரையும் 'கோச்' என்று கூப்பிடமாட்டார்கள். முதல் வருஷப் பையனும் அவரை 'ஜான்' என்றுதான் கூப்பிடவேண்டும், அது விதி. பையன்கள் அரைக்கால் சட்டையில் நிற்பார்கள். தள்ளிப் பழகுவதற்கு மெத்தை கட்டிய இரும்புச் சட்டம் எல்லாக் கல்லூரியிலும் இருக்கும், இங்கே இருக்காது. வார்ம்-அப் தொடங்கும். ஒரு சீனியர் ஏதோ குரல் கொடுப்பான். நூற்றைம்பது பேரும் புல்லில் மல்லாக்கப் படுத்து, வானத்தைப் பார்த்து, பக்கத்தில் படுத்திருப்பவனிடம் "நல்ல நாள், இல்லையா?" என்பார்கள். அவன் "ஆமாம்" என்பான். எழுந்துவிடுவார்கள். அது ஒரு பயிற்சி. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அதற்குப் பெயரே 'நல்ல நாள்' பயிற்சிதான்.

மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம். மழையா, கிடையாது. கடும் வெயிலா, கிடையாது. கொசு அதிகமா, அதற்கும் உள்ளே போய்விடுவார்கள். மினசோட்டாக் கொசுவைப் பார்த்தவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தோன்றாது. எடை தூக்குவது கட்டாயமில்லை. நகர்வுகளை எழுதிவைக்கும் தடித்த பிளேபுக் கிடையாது. நிரந்தரக் கேப்டன் கிடையாது, சீனியர்கள் முறை வைத்துக்கொண்டு கேப்டனாக இருப்பார்கள். புதுப் பையன்களை ராகிங் செய்யக்கூடாது. வருகிற யாரையும் டீமிலிருந்து நீக்கமாட்டார்கள். உள்ளூர் மேட்சுக்கு அத்தனை பேரும் யூனிஃபார்ம் போட்டு ஓரத்தில் நிற்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, பிராக்டிஸில் டேக்கிள் கிடையாது. ஓடிவருகிறவனைப் பாய்ந்து கீழே தள்ளுவதுதான் டேக்கிள். ஃபுட்பால் என்றாலே அதுதான் என்று நினைக்கும் ஊரில், பிராக்டிஸில் அது கூடாது என்றார். ஒரு சக டீம்காரனைக் கீழே போட்டு அவன் முட்டி உடைந்தால் சனிக்கிழமை மேட்சுக்கு யார் நஷ்டப்படுவது என்பது அவர் கேள்வி.

இப்படி 'இல்லை, இல்லை' என்று நூறுக்கு மேல் உண்டு. அதைப் பட்டியலாகவே போட்டு வைத்திருந்தார். 'இல்லைகளால் ஜெயிப்பது' என்று அதற்குப் பெயர். இதைப் படிப்பவர்கள் அவரை இளகிய தாத்தா என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறுகிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் மீதி என்ன இருக்கும்? ஆட்டம் மட்டும். ஒரு நகர்வை எடுத்துக்கொண்டு, பதினொரு பேரும் தங்கள் இடத்தில் நின்று, ஓடி, யார் எங்கே எந்த அடியில் திரும்பவேண்டும் என்று பார்ப்பார்கள். ஒருவன் அரை அடி தள்ளி நின்றால் மறுபடி. மறுபடியும் தவறா, மறுபடி. எதிர் டீம் இப்படி நின்றால் நீ எங்கே போவாய்? அவன் அப்படி மாறினால்? கேள்வி, பதில், மறுபடி. வியர்வை குறைவு, மூளைக்கு வேலை அதிகம். மற்ற கல்லூரிகள் ஒன்றையொன்று மோதிக் களைத்த நேரத்தில், இவர்கள் அதே நகர்வை இருபது தடவை கூடுதலாகச் செய்திருப்பார்கள். மேட்சில் டேக்கிள் செய்வது எப்படி வரும் என்று கேட்டால், அங்கே வந்து சேர்கிற ஒவ்வொருவனும் பள்ளியிலேயே அதை வருஷக்கணக்கில் செய்தவன், அது மறக்காது என்பார்.

அந்தக் காலத்தை நினைத்தால்தான் இது எவ்வளவு துணிச்சல் என்று தெரியும். கலார்டி செயின்ட் ஜான்ஸுக்கு வந்த மறு வருஷம், 1954இல், பேர் பிரையன்ட் என்ற கோச் தன் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக டீமை ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்குப் பத்து நாள் முகாமுக்கு அழைத்துப்போனார். கொளுத்தும் வெயில், தண்ணீர் கிடையாது. போன பையன்களில் பெரும்பாலோர் இரவோடு இரவாக ஓடிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் வீரர்களாகக் கொண்டாடப்பட்டார்கள், பிரையன்ட் பின்னாளில் அலபாமாவில் சகாப்தமே ஆனார். நாடு முழுக்கக் கோச்கள் அதைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். பெரிய ஸ்டேடியத்தில், பணம் போட்ட பழைய மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கலார்டியின் பையன்கள் மல்லாக்கப் படுத்து "நல்ல நாள்" என்றிருந்தால், இரண்டு மேட்ச் தோற்றதும் அவர் மூட்டை கட்டியிருப்பார். காலேஜ்வில்லில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் துறவிகள். அவர்கள் 1500 வருஷப் பழைய சபைக்காரர்கள், அவசரம் குறைவு. இதற்குமேல் நான் ஊகிக்கவில்லை, ஆனால் அந்த இடமும் அந்த ஆளும் பொருந்தினார்கள்.

பட்டங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1963, 1965 இரண்டிலும் என்.ஏ.ஐ.ஏ. தேசிய சாம்பியன். சின்னக் கல்லூரிகளுக்கான வேறொரு அமைப்பு அது. 1963 இறுதியில் பிரெய்ரி வியூ டீமை 33-27, 1965இல் லின்ஃபீல்டை 33-0. பிறகு டிவிஷன் 3இல் 1976, டவுசன் ஸ்டேட்டை 31-28. செயின்ட் ஜான்ஸில் மட்டும் கான்ஃபரன்ஸ் பட்டம் 27. 1993 டீம் ஒரு மேட்சுக்குச் சராசரி 61.5 புள்ளி எடுத்தது. அந்த வருஷம் முதல் டிவிஷன் 3இன் சிறந்த ஆட்டக்காரனுக்கு அவர் பெயரிலேயே கோப்பை கொடுக்கத் தொடங்கினார்கள்.

2003ஐ மட்டும் நிதானமாகச் சொல்லவேண்டும். அந்த நவம்பர் 1, அவருடைய 77வது பிறந்தநாள். அன்று கிடைத்தது 408வது வெற்றி. அதுவரை கல்லூரி ஃபுட்பாலின் உச்சம் அதுதான், எடி ராபின்சன் என்ற கோச்சின் எண். அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 8, பெத்தல் கல்லூரி காலேஜ்வில்லுக்கு வந்தது. அந்தக் கிண்ணத்துக்குள் 13,000 பேருக்கு மேல் அடைந்துகொண்டார்கள். டிவிஷன் 3 மேட்சுக்குச் சில நூறு பேர் வந்தாலே பல கல்லூரிகளில் கூட்டம் என்பார்கள். 29-26. மூன்றே புள்ளி வித்தியாசத்தில் 409. அதோடு முடியவில்லை. டிசம்பரில் இறுதிப்போட்டி, எதிரே ஒஹாயோவின் மவுன்ட் யூனியன். டிவிஷன் 3இன் ராட்சசன், லாரி கேரஸ் கோச். 55 மேட்சாகத் தோல்வியே காணாத டீம். 2000 இறுதியில் இதே மவுன்ட் யூனியனிடம் செயின்ட் ஜான்ஸ் 10-7 என்று தோற்றிருந்தது. இந்தத் தடவை 24-6. மைக் ஸாவர் என்ற தடுப்பாளன் எதிரியின் பாஸைப் பிடித்து மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, 100 கெஜம், ஓடி டச்டவுன் போட்டான். 14 மேட்ச், 14 வெற்றி. 1963இல் முதல் தேசியப் பட்டம் வாங்கியவர் 40 வருஷம் கழித்து வாங்கிய நான்காவது தேசியப் பட்டம் அது.

எடி ராபின்சனைப் பற்றி இங்கே சொல்லாமல் போனால் நியாயமில்லை. அவரும் ஒரே கல்லூரிக்காரர். லூயிசியானாவில் கிராம்பிளிங், கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி. 1941இல் 22 வயதில் சேர்ந்து 1997 வரை இருந்தார். ஆரம்பத்தில் மைதானத்துப் புல்லை வெட்டுவதும் கோடு போடுவதும் அவர்தான். மேட்ச் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக் கொடுப்பதும் அவர்தான். வெளியூர்ப் பயணத்துக்குச் சாண்ட்விச் கட்டி எடுத்துப்போவார், ஏனென்றால் தெற்கு மாநிலங்களில் வழியில் இருக்கும் ஓட்டல்களில் அவர் பையன்களை உட்காரவிட மாட்டார்கள். புரொஃபஷனல் டீம்களுக்கு 200க்கு மேல் ஆட்டக்காரர்களை அனுப்பினார். அவரிடம் ஆடிய டக் வில்லியம்ஸ்தான் சூப்பர் பவுல் என்ற புரொஃபஷனல் இறுதிப்போட்டியை ஜெயித்த முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் (டீமின் தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்), 1988இல். இவரை ஏன் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் கூப்பிடவில்லை என்று கேட்டால், பதில் ஃபுட்பாலில் இல்லை. அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதியில் அந்தக் கதவுகள் கறுப்பினக் கோச்சுக்குத் திறக்கவே திறக்காது. கலார்டி இருந்தது விருப்பம். ராபின்சன் இருந்ததில் விருப்பம் எவ்வளவு, பூட்டிய கதவு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. 408ஐயும் 489ஐயும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். பெரிய டிவிஷன் ரசிகர்களுக்கு 489 என்றால் ஒரு முகச்சுளிப்பு உண்டு. "யாரோடு ஆடி ஜெயித்தார்? பக்கத்து ஊர்ச் சின்னக் கல்லூரிகளோடுதானே?" அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மினசோட்டாவின் கத்தோலிக்கக் குடும்பங்களில் செயின்ட் ஜான்ஸுக்கு ஒரு பெயர் உண்டு. அவரிடம் ஆடியவர்கள் ஊர் ஊராகப் பள்ளிக் கோச்களாகப் போய், நல்ல பையன்களை இங்கே திருப்பிவிட்டார்கள். யாரையும் நீக்காததால் டீம் 150 பேரைத் தாண்டும். சில எதிரணிகளுக்கு அதில் பாதிகூடத் தேறாது. ஓவராகத் தோற்கடித்தார் என்ற புகாரும் உண்டு, 61.5 என்ற சராசரியைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஸ்காலர்ஷிப் இல்லை என்ற விதி அவருக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். 150 பேர் தங்கள் காசைக் கட்டி, மேட்சில் இறங்கமாட்டோம் என்று தெரிந்தே நான்கு வருஷம் இருந்தார்கள். ஓரத்தில் நிற்கும் 140வது பையனை விலகாமல் வைத்திருக்கும் கெட்டிக்காரத்தனம் பெரிய கோச்கள் பலருக்கு வராது, அவர்களுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

டேக்கிள் இல்லாத பிராக்டிஸைப் பல பத்தாண்டுகள் எல்லோரும் ஒரு கிறுக்குத்தனமாகத்தான் பார்த்தார்கள். பிறகு தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்படுவது பற்றிய ஆராய்ச்சிகள் வந்தன. 2010இல் டார்ட்மத் கல்லூரியின் பட்டி டீவன்ஸ் பிராக்டிஸில் டேக்கிளை நிறுத்தினார், பையன்கள் மோத ஒரு ரோபோ பொம்மையைக்கூடச் செய்துகொண்டார்கள். 2016இல் டார்ட்மத், ஹார்வர்ட் போன்ற பழைய கல்லூரிகள் இருக்கும் ஐவி லீக்கின் கோச்கள் எல்லோரும் சேர்ந்து சீசன் நேரப் பிராக்டிஸில் டேக்கிள் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அது பெரிய செய்தியானது. கலார்டி அப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். அவர் மூளை ஆராய்ச்சி படித்து அதைச் செய்யவில்லை, டிரினிடாட் பையனின் "இது எதற்கு?" என்ற கேள்விதான் அவருக்கு அதைக் கொடுத்தது.

2006இல் அவரைக் கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். வழக்கமாக ஓய்வுபெற்றவர்களைத்தான் சேர்ப்பார்கள். 75 வயது தாண்டியவர் என்றால் பணியில் இருக்கும்போதே சேர்க்கலாம் என்று விதியை மாற்றி, ஃபுளோரிடா ஸ்டேட்டின் பாபி பவுடனையும் இவரையும் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

கடைசி வருஷங்கள் அவ்வளவு அழகாக இல்லை. அதே கான்ஃபரன்ஸில் இருந்த செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம், காலம்காலமாகப் போட்டியாளர், க்ளென் கரூசோ கோச்சாக வந்ததும் வேகமாக எழுந்தது. 2012இல் அவர்கள் தேசிய இறுதிப்போட்டி வரை போனார்கள். அதே சீசனில் செயின்ட் ஜான்ஸ் 5 வெற்றி, 5 தோல்வி. நவம்பரில், 86 வயதில், போதும் என்றார் கலார்டி. (செயின்ட் தாமஸ் பிறகு ஓவராக ஜெயித்துக்கொண்டே இருந்ததில், 2019இல் கான்ஃபரன்ஸை விட்டே வெளியேறச் சொன்னார்கள். 2021இல் டிவிஷன் 3இலிருந்து நேரே டிவிஷன் 1க்குப் போனார்கள். அது தனிக் கதை.) செயின்ட் ஜான்ஸில் 60 வருஷத்தில் முதல் தடவையாகத் தலைமை கோச் நாற்காலி காலியானது. அவரிடமே ஆடி, அவரிடமே உதவிக் கோச்சாக இருந்த கேரி ஃபாஷிங்குக்கு அதைக் கொடுத்தார்கள். கலார்டி 2018 அக்டோபர் 7 அன்று, 91 வயதில் காலமானார்.

இந்த 489ஐ யாராவது முறியடிப்பார்களா என்று அடுத்துக் கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டிவிஷன் 3இல் ஒரு சீசனின் வழக்கமான மேட்ச்களே பத்துதான். ஒவ்வொரு வருஷமும் பத்து ஜெயித்தாலும் 49 வருஷம் வேண்டும். லாரி கேரஸ் 27 சீசனில் 332 வெற்றி, 24 தோல்வி, 3 டிரா, 11 தேசியப் பட்டம். வெற்றி விகிதத்தில் கலார்டியை எங்கோ விட்டுவிட்டுப் போன ஆள். அவரே 2013இல் ஓய்வுபெற்றபோது இன்னும் 157 வெற்றி பாக்கி இருந்தது. வருஷத்துக்குப் பத்து ஜெயிக்கும் அளவுக்குக் கெட்டிக்காரனாக இன்று ஒரு இளைஞன் சின்னக் கல்லூரியில் தலைகாட்டினால், எட்டாவது சீசன் முடிவதற்குள் லைபோல்டைக் கூப்பிட்ட மாதிரி யாராவது வந்து கூப்பிட்டுவிடுவார்கள். அந்த போனை எடுத்து வேண்டாம் என்று சொல்லவேண்டும், நாற்பது வருஷம் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும்.